சரியான விடை, தவறான அளவீடு: ஒரு தனி ஊசல் சோதனையின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

சராசரி, திட்ட விலக்கம் (எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பது), திட்டப் பிழை (அந்தச் சராசரியே எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்பது) மூன்றையும் கணக்கு வகுப்பில் முடித்துவிட்டு வந்த பதினோராம் வகுப்பு மாணவர்கள் பதினான்கு பேர். இரண்டிரண்டு பேராக ஏழு குழுக்கள். வாய்பாடுகளைத் தாளில் போட்டுப் பழகியிருந்தார்களே தவிர, தாங்களே எடுத்த அளவீடுகளை வைத்து அவற்றைப் போட்டுப் பார்த்ததில்லை. அதற்காகவே இயற்பியல் ஆசிரியர் தனி ஊசல் சோதனையைத் தேர்ந்தெடுத்தார். ஆய்வகத்தில் நான் உடன் இருந்து கவனித்து எழுதிவைத்த குறிப்புகளிலிருந்து இதைத் தொகுத்திருக்கிறேன்.

சோதனை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஊசலின் நீளமும் அலைவு நேரமும் (குண்டு ஒருமுறை போய்த் திரும்பி வர ஆகும் நேரம்) கிடைத்தால் புவியீர்ப்பு முடுக்கம் கிடைத்துவிடும்: 4 × பை² × நீளம், அதை அலைவு நேரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். எல்லாக் குழுவுக்கும் ஒரே அளவுள்ள உலோகக் குண்டு. நூல் 60.0 செ.மீ. வீச்சு, அதாவது குண்டைப் பக்கவாட்டில் இழுத்து விடும் கோணம், 10 பாகையைத் தாண்டக் கூடாது. 20 அலைவுகளுக்கான நேரத்தை மூன்று முறை எடுத்துச் சராசரி காண வேண்டும். ஸ்டாப்வாட்ச்சை அமுக்குவதில் 0.1 விநாடி முன்பின் ஆனாலும், 20 அலைவுகளுக்குப் பங்கிடும்போது ஓர் அலைவுக்கு அது வெறும் 0.005 விநாடியாகிவிடும். 20 என்ற எண் வந்ததன் காரணம் அதுதான்.

முதல் நாள் கரும்பலகையில் இருந்தவை

ஏழு குழுக்களும் கண்டுபிடித்த முடுக்கம், மீ/வி² அலகில்:

அ 9.61
ஆ 9.54
இ 9.65
ஈ 9.57
உ 9.67
ஊ 9.63
எ 10.64

பாடநூல் சொல்லும் 9.8 கரும்பலகையின் மூலையில் முன்பே எழுதப்பட்டிருந்தது. கடைசி எண்ணைப் பார்த்ததும் வகுப்பில் சிரிப்பு. எ குழுவைச் சேர்ந்த இருவரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்கள். அதைத் தூக்கிவிடலாம் என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றியது.

தூக்கிவிட்டுக் கணக்குப் போட்டார்கள். மீதி ஆறின் சராசரி 9.61, திட்ட விலக்கம் 0.05, திட்டப் பிழை 0.02. 9.8-இலிருந்து விலகிய அளவு, அதாவது விழுக்காட்டுப் பிழை, 1.9. பிறகு ஒரு மாணவி ஏழையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தாள். சராசரி 9.76. விழுக்காட்டுப் பிழை 0.4!

அந்த நொடியில் வகுப்பின் மனநிலை மாறிப்போனது. "எ குழுவை விட்டுட்டா விடை தள்ளிப் போகுது மிஸ். சேர்த்தாதான் 9.8 பக்கத்துல வருது" என்றாள் அவள். இன்னொருவன் கொள்கையோடு வந்தான்: "எடுத்த ரீடிங் எதையும் தூக்கக் கூடாதுன்னு நீங்கதானே மிஸ் சொன்னீங்க?"

வகுப்பு எடுக்கவிருந்த முடிவு

ஏழையும் வைத்துக்கொள்வது என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது. அதற்கு அவர்கள் சொன்ன காரணங்கள் ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நியாயமானவை. அதனால்தான் இந்த நிகழ்வு எழுதிவைக்கத் தக்கது என்று நினைக்கிறேன்.

முதல் காரணம் திட்டப் பிழை. ஏழையும் சேர்த்தால் திட்ட விலக்கம் 0.39 ஆகவும், திட்டப் பிழை 0.15 ஆகவும் உயர்கின்றன. 9.76-க்கும் 9.80-க்கும் உள்ள இடைவெளி 0.04 தான், 0.15-க்குள் தாராளமாக அடங்கிவிடுகிறது. ஆறை மட்டும் வைத்தால் இடைவெளி 0.19, திட்டப் பிழையைப் போல் ஒன்பது மடங்குக்கு மேல். "அப்போ ஏழு வச்சதுதானே சரி?" என்றார்கள்.

கணக்கில் தவறில்லை. ஆனால் நடந்தது என்னவென்று பார்க்க வேண்டும். அந்த ஒரே ஓர் எண் இரண்டு வேலைகளைச் செய்திருக்கிறது. சராசரியை 9.8-ஐ நோக்கி இழுத்திருக்கிறது. கூடவே திட்டப் பிழையை ஏழு மடங்குக்கு மேல் ஊதவும் வைத்திருக்கிறது. அவ்வளவு அகலமான வரம்புக்குள் எந்த எண்தான் அடங்காது? ஆறு குழுக்களின் அளவீடு "இங்கே ஏதோ கோளாறு" என்று உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. ஏழாவது எண் அந்தக் குரலை அமுக்கிவிட்டது.

இரண்டாவது காரணம் இன்னும் சுவையானது. சராசரியிலிருந்து மூன்று திட்ட விலக்கங்களுக்கு அப்பால் இருந்தால்தான் ஓர் எண்ணை ஒதுக்கலாம் என்று எங்கோ படித்திருந்தார்கள். போட்டுப் பார்த்தார்கள்: 10.64-க்கும் 9.76-க்கும் உள்ள தூரம் 0.88, அதை 0.39-ஆல் வகுத்தால் 2.25. மூன்றைத் தொடவில்லை. ஆகவே 10.64 விதிப்படி பாஸ்.

இங்கே ஆசிரியர் ஒரு சிறு விளையாட்டு காட்டினார். 10.64-ஐ அழித்துவிட்டு 50 என்று எழுதி, அதே கணக்கை மறுபடி போடச் சொன்னார். வந்தது 2.27. ஆயிரம் என்று எழுதினாலும் அதே 2.27 தான். மாணவர்கள் கால்குலேட்டரைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள், நம்ப முடியவில்லை. காரணம் எளியது. ஓர் எண் எவ்வளவு தூரம் விலகிப் போகிறதோ, அவ்வளவுக்குத் திட்ட விலக்கத்தையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது. ஒரு தொகுப்பிலுள்ள எண், அதே தொகுப்பின் சராசரியிலிருந்து எத்தனை திட்ட விலக்கம் தள்ளி இருக்க முடியும் என்பதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு: எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து, அதை எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் வருவது. ஏழுக்கு 6 ÷ √7, அதாவது 2.27. பத்து அளவீடுகள் இருந்தாலும் 2.85 தான். குறைந்தது பதினொன்று இருந்தால்தான் மூன்றைத் தாண்டும் வாய்ப்பே பிறக்கிறது. ஏழு எண்கள் உள்ள இடத்தில் அந்த விதியால் எதையும் பிடிக்க முடியாது. பள்ளி ஆய்வகங்களில் ஐந்தாறு அளவீடுகளின்மேல் இந்த விதியைப் போட்டுவிட்டு "ஒதுங்கிய மதிப்பு எதுவும் இல்லை" என்று எழுதுவது சர்வசாதாரணம். அதில் பொருளே இல்லை.

இடைநிலை அளவு (எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) எடுக்கலாமே என்று ஒருவர் கேட்டார். 9.63. அது 10.64-இடம் ஏமாறவில்லை, உண்மைதான். ஆனால் எ குழுவுக்கு என்ன ஆயிற்று என்ற கேள்விக்கு அதிலும் விடை இல்லை.

ஆசிரியர் எடுத்த முடிவு

கரும்பலகையின் மூலையில் இருந்த 9.8-ஐ ஆசிரியர் அழித்தார். ஓர் அளவீட்டை வைப்பதா நீக்குவதா என்பதற்கான காரணம் அதை எடுத்த விதத்திலிருந்து வர வேண்டும். எடுத்ததில் வந்த எண்ணைப் பார்த்து வரக் கூடாது என்றார். 9.8 கண்முன் இருக்கும்வரை இதைப் பின்பற்ற யாராலும் முடியாது என்பது அவர் கணிப்பு. எனக்கும் அதுவே சரியென்று பட்டது. 10.64-ஐச் சேர்த்துக்கொண்டவர்கள் நேர்மைக்காகச் சேர்க்கவில்லை. எ குழுவுக்கு 8.6 வந்திருந்தால், "ரீடிங் எதையும் தூக்கக் கூடாது" என்ற கொள்கை யாருக்கும் நினைவுக்கு வந்திருக்காது.

அடுத்து, எல்லாக் குழுக்களின் குறிப்பேடுகளையும் மேசைமேல் விரித்து வைக்கச் சொன்னார். இறுதி விடையை யாரும் பார்க்க வேண்டாம், முதலில் எழுதிய நேரங்களை மட்டும் பாருங்கள் என்றார்.

குறிப்பேட்டில் இருந்தது

எ குழு 20 அலைவுகளுக்கு எழுதியிருந்த நேரங்கள்: 29.78, 29.91, 29.83 விநாடி. சராசரி 29.84. மூன்றும் ஒன்றோடொன்று அழகாக ஒத்துப்போகின்றன. கவனக்குறைவாக வேலை செய்தவர்களின் எண்கள் இப்படி இருக்காது. திரும்பத் திரும்ப எடுத்தால் தவறு தெரிந்துவிடும் என்று நம்பியிருந்தவர்களுக்கு இது கொஞ்சம் அதிர்ச்சி. ஒரே தவறை மூன்று முறையும் ஒரே மாதிரி செய்தால், மூன்று எண்களும் ஒத்துத்தான் போகும்.

அ குழுவின் சராசரி 31.40. வித்தியாசம் 1.56 விநாடி. அதைக் கழித்துப் பார்த்த மாணவன் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஓர் அலைவுக்கே 1.57 தானே?" என்றான்.

மற்றவர்களுக்கு விளங்குவதற்குள் ஆசிரியர் எ குழுவைப் பழையபடியே ஒருமுறை செய்துகாட்டச் சொன்னார். ஒரு மாணவி குண்டைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்தாள். விரலை விடும்போதே "ஒண்ணு" என்றாள்; கூட்டாளி அதே கணத்தில் ஸ்டாப்வாட்ச்சை அமுக்கினான். குண்டு போய்த் திரும்பி வந்தபோது "ரெண்டு". அவள் "இருபது" என்று சொன்னபோது முடிந்திருந்தவை 19 அலைவுகள். மற்ற ஆறு குழுக்களும் தொடக்கத்தில் "சைபர்" என்று சொல்லியே எண்ணியிருந்தார்கள்.

இப்போது நீக்குவதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. 29.84-ஐ 19-ஆல் வகுத்துத் திருத்திக்கொள்ளலாமே என்று ஒரு யோசனை வந்தது. அப்படிச் செய்தால் 9.60 கிடைக்கும். ஆசிரியர் ஒப்புக்கொள்ளவில்லை. முதல் நாளும் மூன்று முறையும் அப்படித்தான் எண்ணினார்கள் என்பது நம் ஊகம், பதிவு அல்ல. ஊகத்தை வைத்துத் திருத்திய எண்ணை அளவீடு என்று எழுத முடியாது என்றார். பழைய மூன்று எண்களையும் ஒரே கோட்டால் அடித்து, அருகில் காரணம் எழுதி, புதிதாக அளந்தார்கள். 31.38 விநாடி; முடுக்கம் 9.62.

விடை மோசமானது

எ குழு திருந்தியதும் ஏழின் சராசரி 9.61, திட்டப் பிழை 0.02. தவறு ஒன்றைக் கண்டுபிடித்துச் சரிசெய்ததற்குப் பரிசாக விழுக்காட்டுப் பிழை 0.4-இலிருந்து 1.9-க்கு ஏறியிருந்தது. வகுப்பில் நிஜமான எரிச்சல்.

இன்னும் நிறைய முறை எடுத்தால் சரியாகிவிடும் என்பது அவர்களின் அடுத்த நம்பிக்கை. பலன் இருக்காது என்று தெரிந்தும் ஆசிரியர் தடுக்கவில்லை. ஊ குழு 50 அலைவுகளை அளந்தது: 78.45 விநாடி. முடுக்கம் 9.62. கொஞ்சமும் நகரவில்லை.

அளவீடுகளைப் பெருக்கினால், ஒருமுறை கூடுதலாகவும் ஒருமுறை குறைவாகவும் வரும் ஒழுங்கற்ற பிழைகள்தான் தேயும், அதுவும் மெதுவாக. திட்டப் பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு அளவீடுகள் வேண்டும். எல்லா அளவீட்டையும் ஒரே பக்கம் தள்ளும் முறையான பிழையை எத்தனை முறை எடுத்தாலும் அசைக்க முடியாது. உண்மையில் அது ஆபத்தைக் கூட்டவே செய்கிறது: வரம்பு குறுகக் குறுகத் தவறான எண்ணின்மேல் நம்பிக்கை ஏறுகிறது. பெரியவர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. ராபர்ட் மில்லிகன் 1913-இல் வெளியிட்ட எண்ணெய்த் துளி அளவீட்டின்படி எலக்ட்ரானின் மின்னூட்டம் 1.592 × 10⁻¹⁹ கூலூம். இன்றைய மதிப்பு 1.602 × 10⁻¹⁹. அவர் கொடுத்திருந்த பிழை வரம்புக்குள் இன்றைய மதிப்பு அடங்காது. கோளாறு துளிகளை அளந்ததில் இல்லை. காற்றின் பாகுநிலைக்கு (விழும் துளியைக் காற்று தடுக்கும் தன்மைக்கு) அவர் எடுத்துக்கொண்ட எண் சற்றுக் குறைவு. ஒவ்வொரு துளிக்கும் அதே எண்.

எங்கே இருந்தது கோளாறு

யார் யாரைச் சந்தேகிக்கலாம் என்று பட்டியல் போட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் "இதுவாக இருந்தால் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?" என்று ஆசிரியர் கேட்டார். என் பார்வையில் அன்றைய வகுப்பின் மிகப் பயனுள்ள கேள்வி அது.

இந்த இடத்தில் முடுக்கமே குறைவோ? பூமத்திய ரேகையில் 9.78, துருவத்தில் 9.83. மொத்த வேறுபாடே 0.05, இங்கே விளக்கப்பட வேண்டியது 0.19. கடிகாரமோ? அலைவு நேரம் ஒரு விழுக்காடு கூடுதலாகக் காட்டினால் போதும். அப்படியானால் பத்து நிமிடத்துக்கு ஆறு விநாடி வேறுபட வேண்டும். இன்னொரு கடிகாரத்தோடு ஒப்பிட்டபோது ஒரு விநாடிகூட வேறுபடவில்லை. வீச்சு அதிகமோ? அலைவு நேரம் ஒரு விழுக்காடு கூட வேண்டுமென்றால் வீச்சு 23 பாகை இருக்க வேண்டும். யாரும் 10-ஐத் தாண்டவில்லை.

எஞ்சியது நீளம். 60 செ.மீ.-இல் இரண்டு விழுக்காடு என்றால் 1.2 செ.மீ. மில்லிமீட்டர் கோடு போட்ட அளவுகோலில் ஏழு குழுக்களும் 1.2 செ.மீ. தவறாகப் படிக்க வழியே இல்லை என்றார்கள். படித்ததில் தவறில்லை, உண்மை. எங்கிருந்து எங்குவரை அளந்தார்கள் என்பதுதான் கேள்வி. சிலர் அப்போதே குண்டைப் பார்த்துவிட்டார்கள். ஆனாலும் விடையை ஊகிக்காமல், அளவீட்டையே பேச வைக்கலாம் என்று ஆசிரியர் நூலின் நீளத்தை மாற்றி மாற்றி அளக்கச் சொன்னார்.

40, 60, 80, 100 செ.மீ. நீளங்களுக்கு 20 அலைவு நேரங்கள் 25.78, 31.38, 36.18, 40.36 விநாடி. அலைவு நேரத்தின் வர்க்கத்தை நீளத்துக்கு எதிராக வரைந்தார்கள். நான்கு புள்ளிகளும் நேர்க்கோட்டில் அமைந்தன. ஆனால் கோடு தொடக்கப் புள்ளி வழியாகப் போகவில்லை. சற்று மேலே கடந்தது.

ஒரு குழு விடாப்பிடியாகக் கோட்டைத் தொடக்கப் புள்ளி வழியாகவே இழுத்தது. "நீளமே இல்லைன்னா அலைவு ஏது?" என்பது அவர்கள் வாதம். அப்படி இழுத்த கோட்டின் சாய்விலிருந்து கிடைத்தது 9.66. பழைய நோய் திரும்பி வந்துவிட்டது. கோட்டை அதன் போக்கில் விட்டபோது சாய்வு மீட்டருக்கு 4.02 வி², முடுக்கம் 9.82. கோட்டைப் பின்னால் நீட்டினால், நீள அச்சைப் பூச்சியத்துக்கு இடப்புறம் 1.3 செ.மீ. தொலைவில் வெட்டியது. ஒவ்வொரு நீளத்திலும் ஏறக்குறைய 1.3 செ.மீ. விடுபட்டிருக்கிறது என்று வரைபடமே சொல்லிவிட்டது.

வெர்னியர் காலிப்பரில் குண்டின் விட்டம் 2.40 செ.மீ. ஆரம் 1.20. எல்லோரும் நூல் தொங்கும் இடத்திலிருந்து குண்டின் மேற்புறம்வரை அளந்திருந்தார்கள். ஊசலின் நீளமோ குண்டின் மையம்வரை. 60.0-க்குப் பதில் 61.2 போட்டதும் ஏழு குழுக்களின் சராசரி 9.81 ஆகவும், திட்டப் பிழை 0.02 ஆகவும் வந்தன.

அதன் பின்

அறிக்கையில் மூன்று முடிவுகளையும் வரிசையாக எழுதச் சொன்னார் ஆசிரியர்: 9.76 ± 0.15, 9.61 ± 0.02, 9.81 ± 0.02. முதலாவது ஏன் நல்ல விடை போலத் தோன்றியது என்பதை விளக்கியவர்களுக்கே முழு மதிப்பெண். ஒன்பது பேர் தெளிவாக எழுதியிருந்தார்கள்: எண்ணியதில் வந்த தவறு விடையை மேலே தள்ளியது, நீளத்தில் வந்த தவறு கீழே தள்ளியது, இரண்டும் சராசரியில் ஒன்றையொன்று ஈடுகட்டின. மூன்று பேர் இன்னமும் "அதிக அளவீடுகள் எடுத்ததால் விடை சரியானது" என்று எழுதியிருந்தார்கள். அந்த வாக்கியம் பாடநூல்களில் அத்தனை முறை வருவதால் ஒரே நாளில் அழிந்துவிடும் என்று எதிர்பார்க்கவும் முடியாது.

சாய்வு தந்த 9.82-ஐ விடத் திருத்திய சராசரி 9.81 நல்லதா என்று ஒரு மாணவி கேட்டாள். நான்கே புள்ளிகளால் வரைந்த கோட்டின் சாய்வுக்கும் அதற்குரிய பிழை வரம்பு உண்டு. இந்த இரண்டையும் இந்த அளவீடுகளை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது என்பதே அவளுக்குக் கிடைத்த பதில். 1.3-க்கும் 1.2-க்கும் உள்ள வேறுபாடும் அப்படித்தான்.

அடுத்த முறை மாறவிருப்பவை

குறிப்பேட்டில் நேரங்களை எழுதுமுன் "எண்ணத் தொடங்கியது: சைபர் / ஒன்று", "நீளம் அளந்தது: எங்கிருந்து எங்குவரை" என்ற இரண்டு வரிகளை நிரப்ப வேண்டும். அளந்து முடிக்கும்வரை பாடநூல் மதிப்பு கரும்பலகையில் இருக்காது. ஆனால் 9.8 எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால், இதனால் மட்டும் பெரிய பலன் இருக்காது என்பது என் கருத்து.

பலன் தரக்கூடியது குண்டுகளை மாற்றுவது. ஏழு குழுக்களுக்கும் ஒரே குண்டு கொடுத்ததால்தான் நீளத்தில் வந்த பிழை எல்லோருக்கும் ஒரே அளவாக இருந்து, ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போய், கண்ணில் படாமல் தப்பியது. அடுத்த ஆண்டு ஆரம் 0.6 செ.மீ. முதல் 2.0 செ.மீ. வரை வெவ்வேறு குண்டுகள் கொடுக்கப்படும். குண்டின் மேற்புறம்வரை அளந்தால் சிறிய குண்டு வைத்திருக்கும் குழுவுக்கு 9.70-உம், பெரிய குண்டு வைத்திருக்கும் குழுவுக்கு 9.48-உம் ஏறத்தாழ வரும். குண்டு பெரிதாக ஆக விடை இறங்கிக்கொண்டே போவதை, பாடநூலைத் திறக்காமலேயே கரும்பலகையில் பார்த்துவிடலாம்.